விளக்கு இறங்காத கிணறு

நான் வேலை பார்த்த ஆய்வகம் திருவாரூருக்குப் பக்கத்தில் நெல் வயல்களுக்கு நடுவே இருந்தது. அந்த வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகளும் உண்டு. 1991 பங்குனியில் அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டது.

மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகும் அல்லவா, அதே கதைதான். பூமிக்குள் சூடாக இருக்கும்வரை கச்சா எண்ணெயில் மெழுகு கரைந்தே கிடக்கும். மேலே வர வர ஆறி, குழாயின் உட்சுவரில் படியும். கவனிக்காமல் விட்டால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சும். அப்போது ஒரு கரைப்பானை உள்ளே ஊற்றி, ஊறவிட்டு, மெழுகைக் கரைத்து எடுப்போம். அதைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது ஒரகடத்துக்கும் பிள்ளைப்பாக்கத்துக்கும் இடையில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. கடைசியாக வந்த பீப்பாய்களில் கறுப்புச் செதில்கள் மிதந்தன. அடைப்பை எடுக்க ஊற்றிய மருந்தே போய் அடைத்துக்கொண்டது.

"நீயே போய் அங்க நின்னு பாரு. சரியா இருந்தா லாரியில ஏத்திவிடு. இல்லாட்டி ஏத்தாத" என்றார் ஆய்வகத் தலைவர். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சரியா இருக்கணும்" என்றார். கிணறு நின்றுபோயிருந்தது. தினமும் மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் வந்துகொண்டிருந்தது.

எடுத்துக்கொண்டவை: மாதிரி எடுக்கக் கண்ணாடிக் குப்பிகள், வெப்பமானி, வெள்ளைத் துணி, மாற்றுப் புடவைகள், அம்மா திணித்த எலுமிச்சை ஊறுகாய். திரும்பி வரும்போது ஊறுகாயைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தன.

எங்கள் பக்கத்திலிருந்து அந்த ஊருக்குப் போவது வெளிநாடு போவது மாதிரிதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான். வாய்க்கால் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை வறண்ட ஏரி, ஏரிக்கரையில் பனை, நடுநடுவே மனைபோட நட்ட அளவுக் கற்கள். கல்லறை மாதிரி வரிசையாக நின்றன. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினேன். கண்டக்டர், "இன்னாம்மா, எங்க எறங்கற? சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆளு கீது" என்றார். அது கோபம் இல்லை, விசாரிப்புதான் என்று புரிய எனக்கு அரை நாள் ஆயிற்று.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாசனை வந்தது. இனிப்பான வாசனை. பழுத்த பழமும் பெயிண்டும் கலந்தாற்போல. கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெண்மணியிடம், "இங்கே எப்பவும் இந்த வாசனை இருக்குமா?" என்று கேட்டேன்.

"வாசனையா? இன்னா வாசனை?" என்று மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணியும் காணமே. பஜ்ஜி வாசனைய சொல்றியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வந்ததுபோல் எனக்குத் தோன்றியது. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி என்பது ஒரு தகரக் கொட்டகை, கலக்கும் பாத்திரங்கள், பீப்பாய் வரிசை, ஓர் ஆபீஸ் அறை. கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரம். அதைத் தாண்டி வெட்டவெளியில், பூமிக்குள் புதைத்த ஒரு பெரிய இரும்புத் தொட்டி. சீக்கிரம் தீப்பிடிக்கும் சரக்கைப் பூமிக்குள் வைப்பதுதான் முறை. மேலே தெரிந்தது சிமெண்ட் கட்டிய வட்டமான வாயும் இரும்பு மூடியும்தான். பார்ப்பதற்கு மூடிபோட்ட கிணறு மாதிரி இருந்தது.

ஆபீஸில் டைப் அடிக்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டில் நான் தங்க ஏற்பாடு. அவரும் கல்லூரியில் படிக்கும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். வீடு கம்பெனிச் சுவரை ஒட்டிய தெருவில் இருந்தது. தெரு ஏரியை நோக்கிச் சரிவாக இறங்கும். அன்று சாயங்காலம் மீன் குழம்பு. நல்ல குழம்பு. ஆனால் சோற்றிலும் அந்த இனிப்பு வாசனை ஏறியிருந்தது. சாப்பிட்ட இலைகளை வெளியே போட்டோம். எங்கள் ஊரில் இலை கீழே விழுவதற்குள் காக்கை வந்துவிடும். இங்கே ஒன்றுகூட வரவில்லை. இலைகள் கிடந்தபடியே காய்ந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொம். கொஞ்சம் விட்டு, மறுபடியும் டொம். கதவைத் தட்டுவது போல, ஆனால் பூமிக்கு அடியிலிருந்து.

"பயந்துடாதீங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. "வெயில் ஏறும்போதும் எறங்கும்போதும் அந்த டேங்க் தட்டும். இரும்பு இல்லையா."

தொட்டியின் மேல் தகட்டை மூடியிருந்த மண் மெல்லியது; இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், தகடு உள்ளே வெளியே அமுங்கும். காரணம் எனக்கும் தெரியும். தெரிந்தும் தட்டுகிற பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார என்னால் முடியவில்லை.

"கம்பெனி வர்றதுக்கு முன்னாடி அங்க நெசமாவே கெணறு இருந்துச்சு" என்றார் அக்காவின் தங்கை. "அந்தப் பள்ளத்தையே பெருசாக்கி டேங்க வச்சிட்டாங்க. கம்பெனி ஆளுங்க இன்னா சொல்வாங்க தெரியுமா? உள்ள இருக்கிறவன் டீ கேக்கறானாம்."

இரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது எனக்கு வாசனை வரவில்லை.

காற்று மாறியிருக்குமோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். காற்று மாறவில்லை. என் மூக்குதான் மாறியிருந்தது. ஒரே வாசனையில் கிடந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். வாசனை இருக்கிறதா இல்லையா என்று இனி யாருடைய மூக்கையும் நம்ப முடியாது, டீக்கடைப் பெண்மணியுடையதையும் என்னுடையதையும். அன்றைக்கு நான் குறித்துக்கொண்டதில் முதல் வரி அதுதான்.

செதிலுக்கான காரணம் சீக்கிரமே கிடைத்தது. புதைத்த தொட்டியின் அடிவரை நீளக் கோலை இறக்கி எடுத்தேன். நுனியில் கறுப்பாக, களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மெழுகைக் கரைக்கும் சரக்கு, பழைய கசடின் மேலேயே பல காலம் நின்று அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இருக்கும் சரக்கை வெளியே எடுத்துவிட்டு, அடியைச் சுத்தம் செய்தால்தான் அடுத்த கலவை நன்றாக இருக்கும்" என்று சூப்பர்வைசர் தாமோதரனிடம் சொன்னேன். "உள்ளே காற்று ஊதும் இயந்திரம், முகமூடி எல்லாம் உள்ள ஆட்கள் வேண்டும்."

"மெட்ராஸ்ல ஆள் கீறாங்க மேடம். நாளைக்குச் சொல்லி, மறுநாள் பண்ணிடலாம்" என்றார். அன்று மாலையே சரக்கை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். எங்கள் லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். காலித் தொட்டி அன்று மாலை இன்னும் பலமாகத் தட்டியது. காலிப் பாத்திரம் அப்படித்தான் பேசும்.

மூன்றாம் நாள் தாமதத்தைச் சொல்ல ஊருக்கு டிரங்க் கால் போட வேண்டியிருந்தது. கம்பெனிப் போன் செத்துக் கிடந்ததால் ஸ்டெல்லா அக்காவும் நானும் வாலாஜாபாத் போனோம். காத்திருந்து லைன் கிடைத்ததும் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சீக்கிரம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். சந்தைப் பக்கம் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். மிளகும் சுக்கும் போட்ட இட்லி. எங்கள் ஊரில் இட்லிக்குக் காய்ச்சல் வந்தால்தான் சுக்குப் போடுவார்கள் என்று சொன்னேன். ஸ்டெல்லா அக்காவுக்குச் சிரித்து இட்லி புரையேறியது.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பெண், மடியில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தைக் குழந்தையைப் போல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரிந்தவள். பெயர் அஞ்சலை, அவர்கள் தெருவிலேயே வீடு.

"இன்னா அஞ்சல, பொட்டலம்?"

"அத்த ஏன் கேக்கற. லாந்தர் கண்ணாடி. இருந்தது தெறிச்சிப்போச்சி. இவுரு காத்தாலயே தொரத்திட்டாரு, போய் வாங்கினு வான்னு."

அஞ்சலையின் கணவர் ஏழுமலை கிணறு தூர் வாருகிறவர் என்று ஸ்டெல்லா அக்கா எனக்குச் சொன்னார். அவர் உள்ளே இறங்குவார், அஞ்சலையின் தம்பி முனுசாமி மேலே கயிறு பிடிப்பான். கயிறு எப்போதும் மச்சான் கையில்தான் இருக்குமாம். அக்காள் தாலிக்குப் பயந்தாவது விடமாட்டான் என்று.

"கெணறு தூர் வார லாந்தர் எதுக்கு?" என்று கேட்டேன்.

"மொதல்ல வெளக்க கொளுத்தி எறக்கிப் பாப்பாங்கம்மா. நின்னு எரிஞ்சா உள்ள நல்ல காத்து. அணைஞ்சா கெட்ட காத்து, எறங்கமாட்டாங்க. எத்தினி கெணத்துல அது காப்பாத்திக்கீது!"

நல்ல முறை என்று சொன்னேன். உண்மையிலேயே நல்ல முறைதான். பிறகு, சும்மா பேச்சுக்கு, "இன்றைக்கு எந்தக் கிணறு?" என்று கேட்டேன்.

"உங்க கம்பெனி கெணறுதான். சூப்பர்வைசர் ஐயா காலைல ஆள் அனுப்பிச்சாரு. லாரி நிக்குது, இன்னிக்கே முடின்னு. மெட்ராஸ் ஆளுங்க வாணாமாம்."

அந்தத் தொட்டியில் இப்போது சரக்கு இல்லை. அதன் ஆவி மட்டும் இருந்தது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து, அதில் எரிவதற்கான ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் என்பது எங்களுக்கு முதல் வருடத்துப் பாடம். அதற்குள் அவர்கள் நெருப்பை இறக்கப்போகிறார்கள். தப்பில்லாமல், முறைப்படி, ஜாக்கிரதைக்காக.

அஞ்சலை மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். "கண்ணாடி உங்களிடம் இருக்கிறது. நீங்கள் போகும்வரை விளக்கு ஏற்றமாட்டார்கள், இல்லையா?"

"அதுக்கெல்லாம் நிப்பாரா? கொட்டாங்குச்சில திரிய போட்டு எறக்கிடுவாரு."

அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் போய்விட்டது. எல்லாரும் இறங்கி நிழல் தேடினார்கள். நான் அஞ்சலையின் கையைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள், ரோட்டில் வந்த செங்கல் டிராக்டருக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டாள். டிரைவர் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் அதைவிடக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறினாள். நாங்களும் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்தோம்.

உச்சி வெயில். வழியெல்லாம் ஒரு மனிதர், ஒரு நாய் இல்லை. பனைமரங்களுக்குக் காலடியில் மட்டும் நிழல். தூரத்தில் கம்பெனித் தகரக் கூரை தெரிந்தபோது நான் அதன் மேலேயே கண்ணை வைத்திருந்தேன். ஒவ்வொரு கணமும் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இன்னும் இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஓடினோம். தொட்டி வாயின் மூடி திறந்திருந்தது. பக்கத்தில் இடுப்பில் துண்டோடு, கயிறு கட்டி, ஏழுமலை குந்தியிருந்தார். வேப்பமரத்து அடியிலிருந்து முனுசாமி தொட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கையில் கொட்டாங்குச்சி. உள்ளே சுடர். காற்றில் அணையாமல் இன்னொரு கையால் பொத்திக்கொண்டு, குனிந்து, அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனான்.

வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. அதற்கு மேலே காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது.

அஞ்சலை கத்தினாள். "டேய் முன்சாமி! நில்லுடா! எங்கம்மா மேல சத்தியம், ஒரு அடி வெச்ச, கொன்னுடுவேன்!"

அவன் நின்றான்.

"அண்ணே, கீழே வைக்காதீங்க. கையை உயர்த்திக்கிட்டு அப்படியே திரும்பி வாங்க" என்றேன். என் குரல் யாருடையதோ போல நிதானமாக இருந்தது. அவன் வந்தான். மரத்தையும் தாண்டி, காற்று வரும் பக்கமாகத் தூரக் கூட்டிப்போனேன். பின்னால் தொட்டி ஒரு முறை தட்டியது. டொம்.

ஏழுமலைக்குக் கோபம். "இன்னாம்மா இது? நா பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து வெளக்கு எறக்கறாங்க. இதே கெணத்துல நா எறங்கிக்கீறேன், இது தண்ணிக் கெணறா இருந்தப்போ. வெளக்கு தப்பா?"

"தண்ணிக் கிணற்றில் தப்பே இல்லை. இதில் வேறு" என்றேன். சொன்னால் நம்பமாட்டார் என்று தெரிந்தது. சுவருக்கு வெளியே, காற்று வரும் பக்கத்து மேட்டு வெட்டவெளிக்கு எல்லாரையும் கூட்டிப்போனேன். கொட்டாங்குச்சியைத் தரையில் வைத்தேன். அதிலிருந்து ஒரு நீளத் தகரத் தகட்டைச் சரிவாகச் செங்கல் மேல் நிறுத்தினேன். முந்தின நாள் மாதிரி எடுத்துக் கொட்டிய ஒரு சிறு டப்பா, மூடியோடு வெயிலில் கிடந்தது. கொண்டுவந்து திறந்து, கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை.

"காலிதானே?"

"காலிதான்."

தள்ளி நின்று, டப்பாவைத் தகட்டின் மேல் முனையில் சாய்த்து வைத்துவிட்டு விலகினேன். ஒன்றும் ஆகவில்லை. யாரோ இருமினார்கள். பிறகு கொட்டாங்குச்சியில் இருந்த சுடர் எழுந்து நின்றது. தகட்டைத் தொட்டது. எதுவுமே இல்லாத அந்தத் தகட்டின் மேல், வழி தெரிந்த மாதிரி, கீழிருந்து மேலே ஓடியது. டப்பாவின் வாயில் 'பக்' என்று நீலமாகக் கவ்வி, அணைந்தது.

முனுசாமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஏழுமலை வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா. வெளக்கு வாணாம். நா சும்மாவே எறங்கறேன்" என்றார்.

அவர் கையில் இருந்த ஒரே பாதுகாப்பை நான்தான் பிடுங்கியிருந்தேன். "உள்ளே மூச்சுவிட முடியாது. ரெண்டு மூச்சில் மயக்கம் வரும்" என்றேன்.

"மூச்ச அடக்கினு வாளி வாளியா அள்ளிடுவேன். ஒத்துக்கினு வந்துட்டேன். மச்சான், கயித்தப் புடி."

முனுசாமி கயிற்றை எடுத்தான். பிடிக்கவில்லை. சுருட்டினான். சுருட்டி மண்ணில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"வெளக்கு எறங்காத கெணத்துல ஆள் எறங்கக்கூடாது. நீ சொல்லிக் குடுத்ததுதான் மாமா."

"டேய், எழுந்திரு."

"கயிறு என் கைலதானே கீது?"

சத்தம் கேட்டு வந்த தாமோதரன், "இன்னாய்யா டிராமா? லாரி எத்தினி நேரம் நிக்கும்?" என்றார்.

"லாரி நிக்கட்டும் சார்" என்றான் முனுசாமி, உட்கார்ந்தபடியே. "எங்க அக்கா மூளியா நிக்க வாணாம்."

என் பங்குக்குச் செய்ய ஒன்றுதான் இருந்தது. "சார், இந்தத் தொட்டியிலிருந்து இப்போது நான் எதையும் வாங்கப்போவதில்லை. இன்றைக்கு யார் இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி. லாரியைக் காலியாகவே அனுப்பிவிடுகிறேன்" என்றேன். 'சீக்கிரம்' என்ற குரல் காதில் இருந்தது. எங்கள் கிணறு இன்னும் எவ்வளவு நாள் அடைத்தபடி கிடக்கும் என்று தெரியாது. ஆனால் அதற்குள் யாரும் இல்லை.

லாரிக்காக இறங்க வேண்டியதில்லை என்று ஆனதும் தாமோதரனுக்கு அவசரம் போய்விட்டது. ஏழுமலை இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். மூடியைத் திறந்தே விட்டுவிட்டுப் போக முடியாது. மூடிவைத்தாலும் ஆவி உள்ளேயே காத்திருக்கும். தண்ணீர் நிரப்பி அதை வெளியேற்றிவிடலாம் என்றேன். தண்ணீர் லாரிகளை வரவழைத்து, காற்று வரும் பக்கம் தள்ளி நிறுத்தி, குழாயை அடிவரை விட்டு, மெதுவாக நிரப்பினோம். மெதுவாகத்தான் நிரப்ப வேண்டும். அதனால் பொழுது சாய்ந்துகொண்டு வந்தது.

தண்ணீர் ஏற ஏற, தொட்டி தன் மூச்சை வெளியே விட்டது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சரிவில் இறங்கும். சரிவில் தெரு இருந்தது. நானும் ஸ்டெல்லா அக்காவும் வீடு வீடாகப் போனோம். அடுப்பு வேண்டாம். பீடி வேண்டாம். சுவிட்சைத் தொட வேண்டாம். சாமி விளக்கு வேண்டாம். டீக்கடைப் பெண்மணி முணுமுணுத்துக்கொண்டே அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள்.

அஞ்சலை மட்டும் வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றாள். "வெளக்கு வெக்கற நேரத்துல வூட்ட இருட்டா போடச் சொல்றியே. சாவு வூடா இது?"

"சாவு வூடா ஆவாம இருக்கத்தான்க்கா" என்றான் முனுசாமி.

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய், தீப்பெட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். மற்ற பெண்களும் அப்படியே கொண்டுவந்தார்கள். என் முந்தானையில் தெருவின் தீப்பெட்டிகள் எல்லாம் சேர்ந்தன.

இருட்டியது. தெருவில் ஒரு விளக்கு இல்லை. எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாமல். வாசனை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது எங்கள் கால்களைக் கடந்துபோய்க்கொண்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குழந்தைகள்கூட அழவில்லை. சாயங்காலம் தட்டுகிற நேரம் வந்தது. காத்திருந்தோம். தண்ணீர் நிறைந்த தொட்டி தட்டவில்லை.

"டீ குடிச்சிட்டான் போலக்கீது" என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஏழுமலையின் வாயில் பற்றவைக்காத பீடி இருந்தது, இருட்டில் அது அசைவது மட்டும் தெரிந்தது. அவர் பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். புதுக் கண்ணாடிப் பொட்டலம் இன்னும் அவள் மடியிலேயே இருந்தது.